கேட்காத சத்தியம்

"சும்மா ஒரு கேள்வி" என்று யாராவது ஆரம்பித்தால் இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வகுப்பில் ஒரு பிள்ளை கையைத் தூக்கி, "டீச்சர், ஒரு டவுட்டு" என்றால்கூட ஒரு கணம் முறைத்துவிட்டுத்தான் "சொல்லு" என்கிறேன். பாவம், அந்தப் பிள்ளை பயந்துபோய் உட்கார்ந்துவிடுகிறது. நான் தமிழ் டீச்சர். இத்தனை வருஷமாக, "மரமாட்டம் உட்காந்திருக்காதீங்க, கேள்வி கேளுங்க" என்று தொண்டை கிழியக் கத்தியவள். அதே வாயால் இன்று இதை எழுத வேண்டியிருக்கிறதே என்பதுதான் எரிச்சலிலும் பெரிய எரிச்சல்.

கேள்விக்கு நான் எதிரி இல்லை. எங்கள் ஊரில் பிறந்தவர்கள் யாரும் அப்படி இருக்க முடியாது. தெருவில் ஒருவரை ஒருவர் பார்த்தால் நாங்கள் வணக்கம் சொல்வதில்லை, கேள்விதான் கேட்போம். கையில் பை இருந்தால் "என்ன, கடைக்கா?" குடம் இருந்தால் "தண்ணிக்கா?" கையில் ஒன்றும் இல்லாவிட்டால் "என்ன, சும்மா வாரீங்க?" கேட்டவருக்குப் பதில் தேவையே இல்லை. "இந்தா, இங்கிட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். எங்கிட்டு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்தக் கேள்விகளுக்கு என் அத்தாச்சி சொல்லும் பதில்கள் ஊரில் பிரசித்தம். அத்தாச்சி என்றால் என் அண்ணன் மனைவி. "எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்டால், "ஒங்க வீட்டுக்குத்தான், போயி ஒலையப் போடு" என்பார். "என்ன, பொழுதோட திரும்பிட்டீங்க?" என்றால், "ஒன்னையப் பாக்காம இருப்புக் கொள்ளலயே" என்பார். கேட்டவர் சிரித்து முடிப்பதற்குள் அவர் தெருக்கோடியைத் தாண்டியிருப்பார். பதில் சொல்வதற்காக அத்தாச்சி நடையை நிறுத்தி நான் பார்த்ததே இல்லை.

அவர் எங்கள் ஊராட்சியில் வார்டு மெம்பராக இருந்தவர். கருவேல மரம் மண்டிப்போய்க் கிடந்த கண்மாயைத் தூர் வார வைத்தது, உடைந்த மடையைக் கட்ட வைத்தது எல்லாம் அவர் ஒன்றிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்து செய்தவை. அதிகாரிகள் அவரைக் கண்டாலே "அம்மா வந்துட்டாங்க" என்று கோப்பை எடுத்து வைத்துவிடுவார்களாம். பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த சமயம், இந்த முறை தலைவர் பதவிக்கே நிற்பது என்று அத்தாச்சி முடிவு செய்தார். நான் டவுனில், திருக்கோகர்ணத்தில் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் டவுன் பஸ் பிடித்து ஊருக்குப் போய், "நில்லுங்க அத்தாச்சி, பாத்துக்கலாம்" என்று தூபம் போட்டவள் நான்தான். அவருக்கும் ஆசை இருந்தது. அதை மறைக்கத் தெரியாது. குழாயடியில் பெண்கள் "தலைவரம்மா" என்று கேலி செய்தால், "போங்கடி" என்று சொல்லிக்கொண்டே முகமெல்லாம் மலர்ந்துவிடும். எங்கள் வீட்டிலிருந்து ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்வாள் என்று நினைக்கும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நடுவில் வந்தான் என் சித்தப்பா மகன்.

எனக்குத் தம்பி. அத்தாச்சிக்குக் கொழுந்தன். சின்ன வயதில் என்னிடம் டியூஷன் படித்தவன், கெட்டிக்காரன். துபாயில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்து, இப்போது வீட்டையும் வயலையும் பார்த்துக்கொண்டு ஊரில் இருக்கிறான். பார்த்துக்கொள்வதற்கு அவ்வளவாக ஒன்றும் இல்லாததால் கையில் எப்போதும் போன். அவனுக்கும் தலைவர் பதவி மீது கண் உண்டு என்பது ஊருக்கே தெரியும். நேராகக் கேட்டால் மட்டும், "அதெல்லாம் பெரியவங்க பாத்து முடிவு பண்ணட்டும்" என்பான். ஊரையே கேள்வியால் குடைந்தவன் தன்னிடம் வந்த ஒரே கேள்விக்கு அப்படித்தான் பதில் சொன்னான்.

எங்கள் ஊருக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. கோயில் கும்பாபிஷேகத்துக்காக நான் ஆரம்பித்தது. ஊரில் இருப்பவர்கள், திருப்பூர், சென்னை, சிங்கப்பூர் என்று பிழைக்கப் போனவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். கும்பாபிஷேகம் முடிந்தவுடன் அதைக் கலைத்திருக்க வேண்டும். அட்மின் என்ற பெயர் கௌரவமாக இருக்கிறதே என்று விட்டுவைத்தேன். அதில்தான் ஒரு நாள் காலையில் தம்பி ஒரு போட்டோ போட்டான். எங்கள் கண்மாய்க் கரை, கரையில் ஒரு லோடு ஆட்டோ. ஆட்டோவின் பின்பக்கம் தண்ணீர் வடிகிறது. கீழே இரண்டு வரி: "இந்த வண்டி நம்ம கண்மாய்க் கரையில என்ன பண்ணுது? சும்மா ஒரு கேள்வி."

அது மீன்கார பாயின் வண்டி. கோட்டைப்பட்டினத்திலிருந்து கடல்மீன் கொண்டுவந்து ஊர் ஊராக விற்பவர். எங்கள் ஊரில் வியாபாரம் முடிந்ததும், ஐஸ் உருகிய தண்ணீரைத் தெருவில் விட்டால் வீட்டு வாசல்களில் கவிச்சி அடிக்குமே என்று கரைக்குப் போய்ச் சரிவில் வடித்துவிட்டுப் போவார். அவராக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் அது. ஊரில் அதைப் பார்க்காதவர் கிடையாது. குரூப்பில் மட்டும் எல்லோருக்கும் திடீரென்று கண் கெட்டுவிட்டது. சிங்கப்பூரிலிருந்து ஒருவர், "நல்ல கேள்வி தம்பி" என்று எழுதினார். திருப்பூரிலிருந்து ஒருவர், "யோசிக்க வேண்டிய விஷயம்" என்றார். மற்றவர்கள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

நான் தம்பிக்குப் போன் போட்டேன்.

"ஏன்டா, அது மீன்கார பாய் வண்டின்னு ஒனக்குத் தெரியாதா? ஒங்க வீட்டுலயும் அவருகிட்டதான வாங்குறாங்க?"

"தெரியும்க்கா."

"பெறகு எதுக்குக் கேட்ட?"

"எனக்குத் தெரியும்க்கா. ஊருக்குத் தெரியணும்ல?"

"அப்ப அது மீன் வண்டின்னு போட வேண்டியதுதான?"

"நான் அப்படிப் போட்டா ஒரு பக்கமாப் பேசுற மாதிரி ஆயிரும்க்கா. அதான் கேள்வியா விட்டுட்டேன். மக்களே முடிவு பண்ணிக்கட்டும்."

"என்னடா முடிவு பண்ணணும் இதுல?"

"நீங்க ஏன்க்கா இவ்ளோ டென்ஷனாகுறீங்க? நீங்கதான சொல்லுவீங்க, எதையும் கேள்வி கேட்டுப் பழகணும்னு."

போனை வைத்துவிட்டேன். வேறு என்ன செய்ய?

மறுநாள் அடுத்தது வந்தது. "கண்மாயைக் குத்தகைக்குப் பேசி முடிச்சாச்சுன்னு சொல்றாங்களே, உண்மையா? உண்மையா இருக்கக் கூடாதுன்னு கருப்பரை வேண்டிக்கிறேன்." அதற்கு மறுநாள்: "அந்த வண்டி தெனமும் ஒரு குறிப்பிட்ட வீட்டு வாசல்ல ரொம்ப நேரம் நிக்கிதாமே, ஏன்?" அந்தக் குறிப்பிட்ட வீடு அத்தாச்சியின் வீடு. வாசலில் வேப்ப மரம் இருப்பதால் பாய் அங்கே நிழலில் நிறுத்தி விற்பார். தெருவே அங்கே வந்துதான் வாங்கும். பிறகு இன்னொன்று: "குத்தகை எடுக்கறவங்க யாரு, எந்த ஊருன்னு நான் வேற சொல்லணுமா?" அந்த ஒரு வரி என்ன சொல்கிறது என்பது படித்த எல்லோருக்கும் விளங்கியது. ஆனால் அவன் எதையும் சொல்லவில்லை. வண்டியையும் கண்மாயையும் அத்தாச்சியையும் பாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான், அவ்வளவுதான். முடிச்சைப் படிப்பவர்கள் தாங்களே போட்டுக்கொண்டார்கள்.

குத்தகை என்ற சொல் எங்கள் பக்கம் ஏன் அப்படி வேலை செய்யும் என்பதைச் சொல்ல வேண்டும். கோடையில் கண்மாயில் தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும் மீன்பிடித் திருவிழா நடக்கும். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் ஜனம் வலையும் ஊத்தாவுமாக வந்து கரையில் காத்து நிற்கும். ஊத்தா என்பது அடிப்பாகம் திறந்த மூங்கில் கூடை. சேற்றில் அமுக்கி, மேல் வாய் வழியாகக் கையை விட்டு மீனைப் பிடிப்பது. ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசியதும் சாதி, ஊர் பார்க்காமல் எல்லோரும் இறங்கலாம். பிடித்த மீனை விற்கக் கூடாது, குழம்பு வைத்துத்தான் சாப்பிட வேண்டும். அன்று எந்த வீட்டிலும் வேறு குழம்பு இருக்காது. குத்தகைக்கு விட்டால் இதெல்லாம் கிடையாது, மீன் குத்தகைக்காரருடையது. ஆகவே ஒருவரை ஊரின் எதிரியாக்க வேண்டுமானால் அவர் திருடினார், கொன்றார் என்றெல்லாம் கஷ்டப்பட வேண்டியதில்லை. கண்மாயைக் குத்தகைக்குப் பேசினாராமே என்று கேட்டால் போதும்.

நான் பதில் எழுத ஆரம்பித்தேன். அதுதான் என் புத்திசாலித்தனம். குத்தகை பேச்சே இல்லை என்று எழுதினேன். "இல்லைன்னா சந்தோஷம். ஆனா ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான். அரை நாள் லீவு போட்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போய் விசாரித்தேன். அங்கே இருந்தவர் சிரித்தார். "ஏலத்துக்கு யாரும் மனுகூடக் குடுக்கலையே டீச்சர். யாரு கெளப்புனது?" என்றார். அதை அப்படியே குரூப்பில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் தம்பியின் பதில்: "நன்றிக்கா. ஒரே ஒரு சந்தேகம். ஒண்ணுமே இல்லாத விஷயத்துக்கு ஒரு டீச்சர் எதுக்கு லீவு போட்டுட்டு ஆபீசுக்கு அலையணும்? சும்மா ஒரு கேள்வி."

போனைக் கட்டிலில் விட்டெறிந்தேன். அது மெத்தையில் விழுந்து சமர்த்தாக இன்னொரு கட்டை விரலைக் காட்டியது.

வினா ஆறு வகை என்று வருஷா வருஷம் பாடம் நடத்துகிறேன். தெரிந்துகொண்டே கேட்பது, தெரியாமல் கேட்பது, சந்தேகத்தில் கேட்பது என்று பிள்ளைகளுக்கு உதாரணங்களோடு சொல்லிக்கொடுக்கிறேன். இவன் கேட்டதை அந்த ஆறில் எதில் சேர்ப்பது? பதில் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே ஒருவன் கேட்பான் என்று இலக்கணம் எழுதியவருக்குத் தோன்றியிருக்காது. அவர் காலத்தில் வாட்ஸ்அப் இல்லை, என் தம்பியும் இல்லை.

அவனைக் குரூப்பிலிருந்தே தூக்கிவிடுகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். "தூக்கு. ஏன் தூக்குனாங்கன்னு நாளைக்கு வேற குரூப்புல கேப்பான்" என்றார் அண்ணன். அவர் சொன்னதும் சரிதான்.

அடுத்த வாரம் அத்தாச்சி போன் செய்தார். எப்போதும் "என்னத்தா, உசுரோட இருக்கியா?" என்றுதான் ஆரம்பிப்பார். அன்று நேராக விஷயத்துக்கு வந்தார். கரையில் சில இளவட்டங்கள் பாய் வண்டியை மறித்து, "வண்டில என்ன? எறக்கிக் காட்டுங்க" என்றார்களாம். அவர் ஒவ்வொரு பெட்டியாக இறக்கித் திறந்து காட்டினாராம். மத்தி, நண்டு, கொஞ்சம் ஐஸ். "கோவிச்சுக்காதீங்க பாய், சும்மா கேட்டோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அன்று வேப்ப மரத்தடிக்கு வந்து நின்றவரிடம் யாரும் மீன் வாங்கவில்லை. வாங்கினால் யாராவது போட்டோ எடுத்துவிடுவார்களோ என்று பயம்.

"நான் மட்டும் பாத்திரத்த எடுத்துட்டுப் போனேன்த்தா. வேணாம்மா, ஒங்களுக்கு எதுக்குச் சங்கடம், தேர்தலெல்லாம் முடியட்டும், வாரேன்னுட்டு வண்டியத் திருப்பிட்டாரு" என்றார். பேச்சில் அழுகை இல்லை, ஆத்திரம் இருந்தது. "எத்தன வருஷமா நம்ம புள்ளைகளுக்கு மீன் குடுத்த மனுசன். அவரப் போயி... இத இப்படியே விடக் கூடாது. கருப்பர் கோயிலுக்கு அவன வரச் சொல்லுறேன்."

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் போலீஸ் ஸ்டேஷனில் கூசாமல் பொய் சொல்பவர்கள்கூட, அரிவாளோடு நிற்கும் கருப்பர் முன்னால் எச்சிலை விழுங்குவார்கள். ஆடு காணாமல் போனது, வரப்பை வெட்டியது எல்லாம் அங்கேதான் தீரும். முறை இதுதான்: குற்றம் சொல்பவர் முதலில் சாமி முன்னால் நின்று அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பூசாரி சூடம் ஏற்றுவார். குற்றம் சுமந்தவர் அந்தச் சூடத்தைக் கையால் அணைத்து, நான் செய்யவில்லை என்று சத்தியம் செய்வார். அதோடு பேச்சு முடிந்தது. பொய் சொன்னது யாரோ அவரைக் கருப்பர் பார்த்துக்கொள்வார். ஊர் அதன் பிறகு அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை. நானும் போயிருந்தேன். கோயில் வாசலில் நல்ல கூட்டம். தம்பி சலவைச் சட்டை, நெற்றி நிறைய விபூதியோடு, கல்யாண வீட்டுக்கு வந்தவன்போலச் சிரித்துக்கொண்டு வந்தான். "வாங்கக்கா, எப்ப வந்தீங்க?" என்று என்னைக் கேட்டான். அத்தாச்சியைப் பார்த்துக் கும்பிட்டான்.

பூசாரி அவனை முன்னால் கூப்பிட்டார். "இவுங்க மேல நீ என்ன குத்தம் சொல்ற? கருப்பரப் பாத்துச் சொல்லு."

"நான் குத்தமே சொல்லலையே."

"கண்மாயக் குத்தகைக்குப் பேசுனாங்கன்னு நீ சொல்லல?"

"சொல்லலைங்க. பேசுனாங்களான்னு கேட்டேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. என் போனை எடுத்து, அவன் போட்டது அத்தனையையும் வகுப்பில் வாசிப்பதுபோல உரக்க வாசித்தேன். வண்டி என்ன பண்ணுது? குத்தகை உண்மையா? வாசலில் ஏன் நிற்கிறது? யார், எந்த ஊர் என்று நான் சொல்லணுமா? வாசிக்க வாசிக்கத்தான் எனக்கே விளங்கியது. ஒவ்வொரு வரியையும் அவன் பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருந்தான். முழுவதிலும் பிடித்து நிறுத்த ஒரு வாக்கியம்கூட இல்லை.

பூசாரி சூடத் தட்டைக் கீழே வைத்தார். பிறகு அத்தாச்சியைப் பார்த்து, "சொன்ன சொல்லுக்குத்தான்த்தா சூடம் ஏத்துறது. கேள்விக்கு ஏத்துற வழக்கம் இல்ல" என்றார்.

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றான் தம்பி. "அத்தாச்சி எனக்குத் தாய் மாதிரி. அவுங்க மேல நான் போயி குத்தம் சொல்வனா?"

அதைக் கேட்டதும்தான் அத்தாச்சிக்குப் பொறுக்கவில்லை. தட்டில் இருந்த சூடக் கட்டியை எடுத்தார். கருப்பர் முன்னால் கல்லில் வைத்துத் தானே தீக்குச்சியைக் கிழித்துப் பற்ற வைத்தார். நான் கையைப் பிடிக்கப் போவதற்குள், "இந்தக் கண்மாய்ல ஒரு பிடி மண்ணுக்கோ ஒத்த மீனுக்கோ நான் யாருகிட்டயும் பேசுனது கெடையாது, இது சத்தியம்" என்று உள்ளங்கையால் சூடத்தை அமுக்கி அணைத்தார். அவர் குரல் கடைசி ஆள் வரைக்கும் கேட்டிருக்கும்.

பூசாரியின் முகம் சுண்டிப்போய்விட்டது. "அவசரப்பட்டுட்டியேத்தா" என்றார் மெதுவாக.

கேட்காத சத்தியத்தை எங்கள் ஊரில் யாரும் செய்வதில்லை. குற்றம் சொல்ல ஆள் இல்லாமல் ஒருவர் தானாகச் சூடம் அணைத்தால், அவருக்குள் ஏதோ உறுத்துகிறது என்றுதான் ஊர் நினைக்கும். குழந்தையிலிருந்து பார்த்து வளர்ந்த முறை அது. அத்தாச்சிக்கும் அது தெரியும். கோபத்தில் அந்த நிமிஷம் மறந்துபோனது. ஊருக்கு மறக்கவில்லை. கலைந்து போனவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே போனார்கள்.

நான் பஸ் ஏறி உட்கார்வதற்குள் வீடியோ குரூப்பில் வந்துவிட்டது. யாரோ எடுத்தது. தம்பி அதற்குக் கீழே எழுதியிருந்தான்: "அத்தாச்சி மேல எனக்கு எப்பவும் மரியாதை உண்டு. ஆனா யாருமே குத்தம் சொல்லாதப்ப எதுக்குச் சத்தியம்? தெரிஞ்சவங்க வெளக்குங்க."

தெரிந்தவர்கள் வரிசையாக விளக்கினார்கள். குரூப்பில் அதுவரை வாய் திறக்காதவர்கள்கூட. நான் பஸ்ஸிலேயே பொரிந்து தள்ளி ஒரு நீளமான குரல் பதிவு போட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். அந்தப் பதிவை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அன்று ராத்திரி சோறு போடும்போது, என்னோடு டவுனில் இருக்கும் என் அம்மா, என் சொந்த அம்மா, அத்தாச்சியைப் பெற்ற மகளாகவே வைத்திருப்பவர், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"ஏன்த்தா, அவ எதுக்கு வலியப் போயிச் சூடத்த அணைச்சா? ஏதாச்சும் இருக்குமோ?"

நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

எனக்கு ஒரு நம்பிக்கை மட்டும் பாக்கி இருந்தது. மீன்பிடித் திருவிழா. அது நடந்துவிட்டால் குத்தகைப் பேச்சு பொய் என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். அதற்கு மேல் என்ன கேள்வி இருக்க முடியும்? நாள் குறித்தார்கள். நான் விடியற்காலையிலேயே ஊருக்குப் போய்விட்டேன். கரை நெடுக ஜனம். ஆலங்குடிப் பக்கத்திலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்திருந்தார்கள். பெரியவர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசினார். ஒரே கூச்சல், மொத்தக் கூட்டமும் தண்ணீருக்குள் பாய்ந்தது. தூர் வாரி ஆழமாகிக் கிடந்த கண்மாய். விராலும் கெண்டையும் கெளுத்தியுமாக அப்படி ஒரு மீனை அண்மையில் யாரும் பார்த்ததில்லை. கரையில் நின்ற எனக்கே தண்ணீருக்குள் இறங்கிவிடலாமா என்று கை துறுதுறுத்தது.

தம்பியும் இறங்கியிருந்தான். முழங்கால் சேற்றோடு, பெரிய விரால் ஒன்றைச் செவுளில் கைவிட்டுத் தூக்கிக்கொண்டு கரையேறினான். நான் அவனுக்காகவே காத்திருந்தேன். எல்லோருக்கும் கேட்கும்படியாக, "ஏன்டா, குத்தகைக்கு விட்ட கண்மாய்ல நீ எப்படிடா எறங்குன? இப்ப என்னடா சொல்ற?" என்றேன்.

அவன் கொஞ்சமும் தடுமாறவில்லை. மீனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, "நாம அன்னைக்கே கேக்காம விட்டிருந்தா இந்தக் கண்மாய் இன்னைக்கு நமக்கு இருந்திருக்குமாக்கா?" என்றான்.

சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். "அதான, தம்பி கேட்டாப்புல, அதனால நின்னுச்சு" என்றார் ஒருவர். சேறு வழியும் கையால் இன்னொருவர் அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். இல்லாத குத்தகையை அவன் தடுத்து நிறுத்திவிட்டான். தூர் வார வைத்தவரைப் பற்றி யாருக்கும் ஞாபகமே இல்லை. தலையாட்டியவர்களில் பாதிப் பேர் எனக்குச் சித்தப்பா, மாமன் முறை. கெட்டவர்கள் இல்லை. அதுதான் என்னை இன்னும் கோபப்படுத்தியது.

அத்தாச்சி அன்று கரைக்கு வரவில்லை. யாரோ கொடுத்த விராலை எடுத்துக்கொண்டு நான் அவர் வீட்டுக்குப் போனேன். கொல்லையில் உட்கார்ந்து சாம்பலைப் போட்டு மீனை உரசிக்கொண்டே, நான் சொன்னதையெல்லாம் கேட்டார். தம்பி சொன்னதைச் சொன்னபோது உரசுவதை நிறுத்தவில்லை.

"நல்ல கொழுத்த மீனு" என்றார். பிறகு, "நான் நிக்கலத்தா" என்றார்.

நான் சண்டை போட்டேன். பயந்து ஓடுவதா, இதற்காகத்தானே அவன் இவ்வளவும் செய்தான் என்று கத்தினேன். அண்ணன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அத்தாச்சி மீனைக் கழுவிச் சட்டியில் போட்டார்.

"நின்னா தெனம் ஒண்ணு கேப்பான். ஜெயிச்சா அதுக்கு மேல கேப்பான். ஒவ்வொண்ணுக்கும் என்னால சூடம் அணைக்க முடியாதுத்தா" என்றார். வலது உள்ளங்கையின் நடுவில் தோல் இன்னும் கருத்துத்தான் இருந்தது. குழம்பு வைத்தார், சாப்பிட்டேன்.

தேர்தல் இன்னும் வரவில்லை. தம்பி நிற்பதாகப் பேச்சு. பெரியவர்கள் முடிவு பண்ணிவிட்டார்கள் போலிருக்கிறது. பாய் எங்கள் ஊர்ப் பக்கம் வருவதில்லை. குரூப் இருக்கிறது. கலைத்தால் ஏன் கலைத்தீர்கள் என்று வரும் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் பஸ்ஸை விட்டு இறங்கினேன். எதிரே அத்தாச்சி, கையில் ஒயர் பையோடு, டவுனுக்குப் போகும் பஸ்ஸுக்காக வந்துகொண்டிருந்தார். பார்த்த சந்தோஷத்தில் வாயில் வந்ததைக் கேட்டேன்.

"என்ன அத்தாச்சி, எங்க கெளம்பிட்டீங்க?"

ஒன் வீட்டுக்குத்தான், சோத்தப் பொங்கி வையி என்பார் என்று சிரிக்கத் தயாராக நின்றேன். அத்தாச்சி நின்றுவிட்டார். இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்தார். பிறகு பையைத் திறந்து உள்ளே கையை விட்டுத் துழாவினார்.

"பல்லு வலித்தா. டாக்டரு இன்னைக்கு வரச் சொல்லியிருக்காரு" என்று மருந்துச் சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "இந்தா, நீயே பாரு. வேற எங்கயும் போகல."